நேரத்தைக் குறித்த மென்பொருள்

மென்பொருள் எழுதுவோர் தம் நேரம் எவ்வாறு செலவாகிறது என்பதைத் தாமே குறித்துவர வேண்டும் என 1995இல் வெளியான தம் நூலில் வாட்ஸ் ஹம்ஃப்ரி வலியுறுத்தினார். தொடக்கம், முடிவு, இடையூறு ஆகிய அனைத்தையும் நிமிடக் கணக்கில் படிவத்தில் எழுத வேண்டும். நிரலில் மனம் ஆழ்ந்திருக்கையில் படிவத்தைத் தேடுவது யாருக்குத்தான் எளிது?

இத்தொல்லையைப் போக்கவே, ஹவாய் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜான்சன் குழுவினர் 2001இல் ஹேக்கிஸ்டாட் என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். நிரல் எழுதும் செயலியில் பொருத்தப்பட்ட உணரி, எந்தக் கோப்பில் எப்போது வேலை நடந்தது என்பதைத் தானே பதிந்து சேவையகத்திற்கு அனுப்பியது. எழுதும் சுமை ஒழிந்தது. ஆனால், ஓசையின்றிப் பதிவதே புதிய உறுத்தலாயிற்று. தம் வேலையின் நுண்விவரங்கள் மேலாளர் பார்வைக்குச் செல்வதைப் பலர் விரும்பவில்லை. கைப்படக் குறித்தபோது, அந்தக் கணக்கை யாரிடம் காட்டுவது என்னும் முடிவு குறித்தவரிடமே இருந்தது.