வெந்நீரூற்றும் நம் கல்வராயன் மலையும்

தமிழில் நீரைக் குறிக்க நாள்தோறும் வழங்கும் சொல் தண்ணீர் என்பது. தண்மை என்னும் பண்பும் நீர் என்னும் பெயரும் புணர்ந்து அமைந்த அச்சொல்லுக்குக் குளிர்ந்த நீர் என்பதே பொருள். வெம்மையும் நீரும் புணரின் வெந்நீர் ஆகும். இவ்விரண்டனுள் முன்னையது நீருக்கெல்லாம் பொதுப்பெயராய் நிலைத்துவிட்டமையால், பேச்சுவழக்கில் 'சுடுதண்ணீர்' என்னும் முரண்பட்ட சொல்லொன்றும் தோன்றிற்று. வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வோர் நீரைத் தண்மையோடு சேர்த்தே எண்ணியது வியப்பன்று. அடுப்பும் விறகுமின்றி நிலத்தினின்று தானே சுடச்சுட எழும் நீரே அவர்க்கு வியப்பாகும். அத்தகைய நீர் எங்ஙனம் உண்டாகின்றது என்பதையும், நம் கல்வராயன் மலையில் அஃது ஏன் இல்லை என்பதையும் இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

முதற்கண், மலைநாட்டு வெந்நீரூற்று ஒன்றைக் காண்பாம். இமாசலப் பிரதேசத்தில், குலு மாவட்டத்தில், பார்வதி ஆற்றங்கரையில், கடல்மட்டத்திற்கு மேல் 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மணிக்கரண் என்னும் ஊர் உள்ளது. ஆற்றில் ஓடுவது பனியுருகிய நீர். கரையில் கொப்பளிப்பதோ கைவைக்கவொண்ணா வெந்நீர். சில ஊற்றுகளின் வெப்பம் 90 பாகைக்கு மேற்படும். இங்குப் பாகை என்றது செல்சியஸ் அளவையே. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலின் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே அவ்வூற்றுகள் கொதிநிலையை நெருங்கி நிற்பன என்க. அங்குள்ள சீக்கியர் குருத்துவாராவில் அரிசியையும் பருப்பையும் கலத்திலிட்டு, ஊற்றில் இறக்கி வேகவைத்து, வருவோர்க்கெல்லாம் உணவளிக்கின்றனர். ஊற்றின் வாயில் நேரே இறங்குதல் உயிருக்கே தீங்காம். குளிர்ந்த நீர் கலந்த குளங்களிலேயே யாத்திரிகர் நீராடுவர்.

இவ்வெம்மை எங்கிருந்து வந்தது? அடியில் எரிமலை இருத்தல் வேண்டுமென்று பலர் கருதுவர். ஐசுலாந்து, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளில் அக்கருத்துப் பெரும்பாலும் பொருந்தும். மணிக்கரணையடுத்தோ எரிமலை யாதும் இல்லை. அங்கே எழுவது மழையும் பனியுமாய் மேலிருந்து வீழ்ந்த நீரேயாம். மலைமேல் வீழ்ந்த நீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழிறங்குகின்றது. நிலத்துள் ஆழம் செல்லச்செல்ல வெப்பம் மிகுதலின் தானும் சூடேறுகின்றது. பின்னே உயரத்திலிருந்து வரும் நீரின் அழுத்தம் அதனைத் தள்ளுகின்றது. சூடேறிய நீர் எடை குறைதலும் அதற்குத் துணையாகின்றது. இங்ஙனம் வேறொரு வெடிப்பைப் பற்றி அது பள்ளத்தாக்கில் மேலெழுகின்றது. விரைந்து எழுதலும் வேண்டும். மெல்ல ஊர்ந்து வரின் வழியிலேயே ஆறிவிடும். எனவே, வெந்நீரூற்றுக்கு வேண்டுவன மூன்று: நீர், வெம்மை, வழி.

இம்மூன்றும் இமயத்தில் ஒருங்கே உள. இந்திய நிலப்பகுதி ஆசிய நிலப்பகுதியோடு மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளே ஆயின. மலைகளின் வாழ்நாளில் இது சிறுபொழுது. மோதலால் ஆழத்துப் பாறைகள் சூடு ஆறுமுன் மேலே உயர்ந்தன. அவற்றினூடே நெடிய பிளவுகளும் உண்டாயின. தாமஸ் ஓல்டாம் என்னும் நிலநூலறிஞர் தொகுத்து, 1882 இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 300 வெந்நீரூற்றுகள் குறிக்கப்பெற்றுள்ளன. இந்திய வெந்நீரூற்றுகள் நாடெங்கும் ஒருபடியாய்ச் சிதறிக் கிடக்கவில்லை. இமயம், கொங்கணக் கரை, நருமதைப் பள்ளத்தாக்கு என்று நிலம் பிளவுண்ட இடங்களைத் தொடர்ந்து வரிசைபட நிற்கின்றன.

இவ்வறிவு சொல்லாராய்ச்சிக்கும் துணைபுரிவது காண்க. ஆதியாகமம் 36 ஆம் அதிகாரத்தில், தந்தையின் கழுதைகளை வனாந்தரத்தில் மேய்த்த ஒருவன் ஏதோ கண்டுபிடித்தான் என்று கூறப்படுகின்றது. அங்கு வரும் எபிரெயச் சொல் மிக அரிதானது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைக் கோவேறு கழுதை எனக் கொண்டது. எரோனிமு என்னும் பண்டை அறிஞர் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் வெந்நீர் எனக் கொண்டார். இக்காலத்து மொழிபெயர்ப்பாளர் பலர் அவரையே பின்பற்றுவர். சாக்கடலை அடுத்த அந்நாடு நிலப்பிளவொன்றின் ஓரத்தில் அமைந்தது. அப்பகுதியில் வெந்நீரூற்றுகள் இன்றும் உள. ஆகவே நிலநூலும் எரோனிமுவின் பக்கமே சாய்கின்றது எனலாம்.

இனி நம் மலைக்கு வருவாம். 2019 இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் மேற்கே எழுந்து சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடப்பது கல்வராயன் மலை. மேற்கூறிய மூன்றனுள் முதலாவதாகிய நீருக்கு அங்குக் குறைவில்லை. கோமுகியும் மணிமுத்தாறும் அங்கே தோன்றுகின்றன. பெரியார், மேகம் முதலிய அருவிகளும் வீழ்கின்றன.

இரண்டாவதாகிய வெம்மையோ குறைவு. இம்மலையின் பாறைகள் சார்னோக்கைட்டு முதலிய வகையின. அவை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுத் தொன்மையுடையன. இமயம் இவற்றின்முன் நேற்றுப் பிறந்த குழவி. நெடுங்காலம் ஆறிப்போன இத்தகைய நிலத்தில் ஆழத்தின் வெம்மை மெல்லவே மிகும். இதற்குச் சான்று கோலார் தங்கச் சுரங்கமாகும். தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த அச்சுரங்கம் 2001 இல் மூடப்படுமுன் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்திருந்தது. அவ்வாழத்துப் பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்தது. அங்ஙனமாயின் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறும் வெப்பம் 15 பாகைக்கும் குறைவே. உலகில் பொதுவாகக் காணப்படுவதோ 25 முதல் 30 பாகை. கல்வராயனிலும் கோலாரின் அளவே எனக் கொண்டால், மழைநீர் மணிக்கரண் ஊற்றைப்போல் சூடேற 4 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, ஆறுமுன் மீளல் வேண்டும். அவ்வளவு ஆழ்ந்து திறந்த வழி இங்கு இல்லை. மூன்றாவதும் இல்லையாதலின் வெந்நீரூற்றும் இல்லையாயிற்று.

தொன்மையான பாறையில் வெந்நீர் எழவே எழாதோ எனின், அற்றன்று. ஈழத்தில் திருகோணமலைக்கு அருகே கன்னியா என்னுமிடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தில் குத்தி அவற்றை உண்டாக்கினான் என்பது கதை. அந்நிலத்துப் பாறைகளும் நம்மவை போன்றே மிகத் தொன்மையானவை, எரிமலையும் அங்கில்லை. ஆழத்துப் பிளவொன்று வழி திறந்தமையாலேயே நீர் சூடேறி வருகின்றது. ஆயினும் அதன் வெப்பம் 40 பாகையளவிலேயே நிற்கின்றது. மணிக்கரணில் உலை வைக்கலாம். கன்னியாவில் வாளியால் மொண்டு குளிக்கலாம். இவ்வேற்றுமை நிலத்தின் வயதையும் நீர் சென்ற ஆழத்தையும் நமக்கு அறிவிக்கின்றது.

வெந்நீராயினும் தண்ணீராயினும் ஊற்றுக்கு உயிர் அதன் வழியே. கேதாரநாத்துக்குச் செல்லும் பாதையிலுள்ள கௌரிகுண்டத்தில் யாத்திரிகர் தலைமுறை தலைமுறையாய் நீராடிய வெந்நீர்க்குளம் 2013 ஜூன் பெருவெள்ளத்தில் அழிந்தது. நிலத்தடியின் வெம்மை அன்று குறையவில்லை, வாயே தூர்ந்தது. நம் மலைச்சுனைகளுக்கோ வெள்ளம் வேண்டுவதில்லை. மேலே காடு அழியின், மழைநீர் மண்ணுள் இறங்காமல் ஓடிவிடும். பாறையை வெடிவைத்துத் தகர்ப்பின், வெடிப்புகளின் போக்கு மாறிவிடும். பயணிகள் வியந்து காணும் ஊற்று வற்றினால் ஒரு காட்சி குறையும். மலையூரார் குடத்தில் மொள்ளும் சுனை வற்றினாலோ ஓர் ஊரே நீருக்கு அலையும்.

ஆதலின், விடுமுறையில் மலையேறும் மாணவ நண்பர்கள் வெந்நீர் இல்லையே என்று கல்வராயனைக் குறைவாக மதித்தல் வேண்டா. அங்கே ஒரு சுனையைக் காணின், இந்நீர் எம்மேட்டில் வீழ்ந்தது, எவ்வெடிப்பில் நுழைந்தது, எத்தனை நாள் நிலத்துள் இருந்தது என்று ஊரிலுள்ள பெரியோரை வினவுங்கள். கோடையில் எச்சுனை முதலில் வற்றும், எது வற்றாது என்பதை அவர் அறிவர். அவர் கூறுவதைக் குறித்து வைத்தல் நம் போன்ற மாணவர்க்கு எளிய பணி. அச்சுனைகளைக் காக்க முயல்வோர்க்கு அக்குறிப்பு ஒருநாள் பெரிதும் உதவும்.