முட்டைக் கோழிக்கு இரவுக் கூடு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோழி வளர்க்காத வீடு குறைவு. சொந்தமாகச் செண்டு நிலம்கூட இல்லாத குடும்பத்திலும் நாலைந்து நாட்டுக் கோழிகள் கொல்லையில் மேயும். இவற்றைப் பேணுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும், திடீரென்று வரும் மருந்துச் செலவுக்கும் முட்டைக் காசுதான் கைகொடுக்கிறது. ஆனால் பத்துக் கோழி இருந்த வீட்டில், கோடையில் ஒரே வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் போவதுண்டு. காலையில் போய்ப் பார்த்தால் கீரிப்பிள்ளை கழுத்தைக் கடித்துப் போட்ட கோழிகள் கிடப்பதும் உண்டு. இவற்றைத் தலைவிதி என்று விட்டுவிடக் கூடாது. இந்த இழப்புகளில் பெரும்பகுதியைச் சிறிய செலவில் தடுத்துவிடலாம்.

பாதி வாழ்நாள் கூட்டில்

பகலெல்லாம் மேயும் கோழிக்குக் கூடு எதற்கு என்று பலர் நினைக்கின்றனர். பொழுது சாயும்போது அடையும் கோழி மறுநாள் விடிந்த பிறகே வெளியே வருகிறது. அதாவது, அதன் வாழ்நாளில் பாதி கூட்டில்தான் கழிகிறது. ஒரு முட்டை உருவாகி வெளிவர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு படிவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம் தேவை. இவ்வேலையில் பெரும்பகுதி இரவில் நடைபெறுகிறது. கோழி இரவில் நிம்மதியாக அடங்கியிருந்தால்தான் முட்டை ஒழுங்காகக் கிடைக்கும்.

தாய்க் கோழியையும் குஞ்சுகளையும் பருந்திடமிருந்து காக்கப் பகலில் பஞ்சாரம் போதும். பத்துக் கோழிகளை இரவு முழுவதும் அதில் கவிழ்த்து வைப்பது சரியல்ல. ஈரத் தரை, எச்சத்தின் நெடி, காற்றில்லாத புழுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து சளி நோய்க்கு வழி செய்யும். மரக்கிளையில் அடையும் கோழி மழையில் நனைவதுடன் காட்டுப் பூனைக்கும் இரையாகும்.

கூடு அமைக்கும் முறை

பத்துப் பெட்டைகளுக்கும் ஒரு சேவலுக்கும் 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் உள்ள கூடு போதுமானது. பகலில் வெளியே மேயும் கோழிக்கு இரவில் தலைக்கு ஒரு சதுர அடி இடம் இருந்தால் போதும். கூட்டைத் தண்ணீர் தேங்காத மேட்டில், மர நிழலில், வீட்டில் இருப்பவர் காதுக்குச் சத்தம் எட்டும் தூரத்தில் வைப்பது நல்லது. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் நேராக உள்ளே அடிக்காது.

கூடு தரையில் படியாமல் 2 அடி உயரக் கால்களின் மேல் நிற்க வேண்டும். சவுக்குக் கழி, பனஞ்சட்டம், பழைய கட்டில் சட்டம் எதுவும் உதவும். அடித்தளத்துக்கு மூங்கில் பிளாச்சுகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடிக்கலாம். எச்சம் கீழே விழுந்துவிடும், தளம் உலர்ந்திருக்கும். சுவரில் கீழ் ஓரடிக்குப் பலகையும், அதற்குமேல் கம்பி வலையும் வேண்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் எலியும் பாம்பும் நுழைந்துவிடும். கதவுக்குக் கயிறு கட்டாமல் தாழ்ப்பாள் போட வேண்டும். கூரை சுவருக்கு வெளியே ஓரடி நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. தகரக் கூரையாயின் கோடையில் அதன்மேல் தென்னங்கீற்று பரப்ப வேண்டும்.

எறும்பு ஏறாமல் இருக்கக் கால்களின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தண்ணீரில் கொசு உற்பத்தியாகும். ஆகவே வாரம் இருமுறை அதைக் கொட்டி மாற்ற வேண்டும். இல்லையேல், கழிவு எண்ணெயில் நனைத்த துணியைக் காலில் சுற்றிவிடலாம்.

கோழி தரையில் படுப்பதைவிடக் கழியில் அமர்வதையே விரும்பும். தளத்திலிருந்து ஓரடி உயரத்தில், 2 அங்குலப் பருமனுள்ள இரண்டு கழிகளை நீளவாக்கில் பொருத்த வேண்டும். சுவருக்கும் கழிக்கும் இடையிலும், இரு கழிகளுக்கு இடையிலும் ஓரடி இடைவெளி தேவை. கழிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்தால் உயர்ந்த இடத்துக்காகக் கோழிகள் சண்டையிடும். மேலே இருப்பவற்றின் எச்சம் கீழே இருப்பவற்றின்மேல் விழும்.

நாலைந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டையிடும் பெட்டி வேண்டும். ஒவ்வொரு புறமும் ஓரடி உள்ள பழைய பழப்பெட்டியோ, வாயகன்ற மண்பானையோ போதும். அதில் உலர்ந்த வைக்கோல் போட்டு, இருட்டான மூலையில், கழிகளைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் இரவில் அதிலேயே ஏறிப் படுத்து அசுத்தம் செய்யும். முட்டைகளைக் காலையிலும் மாலையிலும் எடுத்துவிட வேண்டும். பெட்டியில் முட்டை உடைந்து கிடந்தால் கோழி அதைக் கொத்திப் பழகிக்கொள்ளும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

இரவில் இரத்தம் குடிக்கும் எதிரிகள்

நல்ல தீனி தின்றும் கோழி மெலிந்து, கொண்டை வெளுத்து, முட்டையும் குறைந்தால் முதலில் கூட்டைச் சோதிக்க வேண்டும். கோழி உண்ணியும் சிவப்புச் செள்ளும் பகலில் கோழியின் உடலில் இருப்பதில்லை. கழியின் விரிசலிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். அதனால் பகலில் கோழியைப் பிடித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தென்படாது. இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச் விளக்கடித்துக் கழியின் அடிப்புறத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இவற்றை ஒழிக்க, கழிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். இடுக்குகளை அடைத்து, உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்தால்தான் முட்டையிலிருந்து பொரித்து வந்தவை அழியும். முற்காலத்தில் பி.எச்.சி. தூளைத் தூவுவது வழக்கமாயிருந்தது. அம்மருந்து 1997-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பயிருக்கு வாங்கிய பூச்சி மருந்தில் மிஞ்சியதைக் கோழிமேல் தெளிப்பது மிகவும் ஆபத்தானது. விஷம் முட்டையிலும் சேரும். மருந்து அவசியமானால் கால்நடை மருத்துவர் சொல்வதையே வாங்க வேண்டும். கூட்டருகே ஒரு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால், கோழிகள் அதில் புரண்டு உடலிலுள்ள பேனைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

தீனியும் தண்ணீரும்

மேய்ச்சலில் புழு, பூச்சி, புல் விதை, கீரை ஆகியவை கிடைக்கின்றன. எனினும் முட்டையிடும் கோழிக்கு அவை மட்டும் போதா. மாலையில் அடையும் முன் தலைக்கு 30 முதல் 40 கிராம் வரை கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் அல்லது குருணையைத் தவிட்டுடன் கலந்து போடலாம். தினமும் ஒரே நேரத்தில் போட்டால் கோழிகள் தவறாமல் வீடு திரும்பும். எண்ணிப் பார்க்கவும் வசதி. கடலைப் புண்ணாக்கு சேர்ப்பவர்கள் அதில் பூஞ்சணம் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுத்துக் கோழியைக் கொல்லும்.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தானியத்தில் இச்சத்து மிகக் குறைவு. கிடைக்காதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு செய்யும். தோல் முட்டை, மெல்லிய ஓடு, கால் தளர்ச்சி எல்லாம் இதனால் வரும். ஆகையால் உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும், முக்கியமாக மாலையில், வைக்க வேண்டும். வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும்.

முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீரே. கோடையில் அரை நாள் தண்ணீர் இல்லாமற்போனாலும் முட்டை குறையும். நிழலில் மண்சட்டியில் வைத்து, தினம் இருமுறை மாற்ற வேண்டும். மருந்து கலந்த விதை விதைத்த வயலிலும், பூச்சி மருந்து அடித்த தோட்டத்திலும் கோழிகளைச் சில நாட்களுக்கு மேயவிடக் கூடாது.

அடைக் கோழி

நாட்டுக் கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சு வளர்ப்பு என்று காலம் போய்விடும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் மட்டுமே கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குஞ்சு தேவைப்படும்போது மட்டும் அடை வைப்பது நல்லது. மற்ற வேளைகளில் அடைக் கோழியை, வைக்கோல் இல்லாத, காற்று அடியில் புகும் பிளாச்சுக் கூண்டில் வெளிச்சமான இடத்தில் நாலைந்து நாள் வைத்தால் அடை தெளியும். தீனியும் தண்ணீரும் வழக்கம்போல் கொடுக்க வேண்டும். மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வீண் வதையே.

அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்திபோல் இரத்தக் குழாய்கள் தெரியும். தெளிவாகத் தெரியும் முட்டைகளை நீக்கிவிடலாம்.

வெள்ளைக் கழிச்சல்

எத்தனை நல்ல கூடு கட்டினாலும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாவிட்டால் எல்லாம் பாழ். இராணிக்கெட் எனப்படும் இந்நோய்க்குச் சிகிச்சை கிடையாது. தடுப்பூசி போடாத கோழிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் சாகலாம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், வாயைத் திறந்து மூச்சுவிடுதல், கழுத்து திருகிக்கொள்ளுதல் ஆகியவை அறிகுறிகள். கோடைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். நான்காம் வாரத்தில் மறுபடியும் சொட்டு மருந்து தருவதுண்டு. எட்டு வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி போடப்படும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் பலன் கூடும். நோயுற்ற கோழிக்கு ஊசி போடக் கூடாது. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்குமேல் போடக்கூடிய மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எனவே தெருவிலுள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதே முறை. ஒரு வீடு விட்டுப்போனாலும் நோய் அந்த வழியாக நுழையும்.

ஊரில் நோய் கண்டதும் கையிலிருக்கும் கோழிகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர்கள் உண்டு. நோய் பக்கத்து ஊருக்குப் போவது இவ்வாறுதான். இன்னொரு வீட்டுப் பெண்ணின் முட்டைக் காசு அதனால் பறிபோகிறது. நோயுற்றதை விற்கக் கூடாது. செத்ததைக் குளத்திலும் வாய்க்காலிலும் வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை மூன்று வாரமாவது தனியே கட்டிவைத்த பிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும். பல கோழிகள் திடீரென்று செத்தால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கூட்டின் அடியில் விழும் எச்சத்தை வாரம் ஒருமுறை வாரி எருக்குழியில் போட்டு மக்கவைத்தால், காய்கறித் தோட்டத்துக்கு நல்ல உரம். பச்சையாகச் செடியருகே இட்டால் வேர் கருகும்.

தாழ்ப்பாளுள்ள உலர்ந்த கூடு, மாலையில் ஒரு பிடி தானியம், ஒரு கிண்ணம் கிளிஞ்சல், கோடைக்கு முன் தடுப்பூசி ஆகிய நான்கையும் தவறாமல் கடைப்பிடிக்கும் வீட்டில் வைகாசி பிறந்தபின்பும் விடியற்காலையில் சேவல் கூவும். தடுப்பூசி போடும் நாளை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்து, அதைத் தெருவாருக்கும் சொல்வது நலம்.