போத்தலில் வளரும் மணிபிளாண்ட்

பினாங்கு ஜார்ஜ்டவுன் வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் போத்தல் நீரில் படர்ந்திருக்கும் கொடி மணிபிளாண்ட். அது செல்வம் சேர்க்கிறதோ இல்லையோ, கூடத்திற்கு அழகு சேர்ப்பது உண்மை. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு நீரில் மூழ்குமாறு வைத்தால் வேர் விடும். நேர்வெயில் படாத சன்னலோரம் அதற்கு ஏற்றது.

ஆனால், அந்நீரே ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டிலாகும். நம் நாட்டில் இரத்தக்கசிவு டிங்கிக் காய்ச்சல் முதன்முதலாக அறியப்பட்டது 1962இல், பினாங்கிலேதான். முட்டை பொரிந்து புழுவாகி, கொசுவாய்ப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். ஆகவே, 5 நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றுதல் வேண்டும். பழைய நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் போத்தலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, வேரையும் அலசுதல் அவசியம். மழை நீர் தேங்காதபடி பால் மங்குகளைக் கவிழ்த்து வைக்கும் கைகளுக்கு இது புதிய வேலையன்று.

கழுவ நேரமில்லாதவர்கள் கொடியை மண்சட்டிக்கு மாற்றிவிடுவதே நன்று. மேல்மண் காய்ந்தபின் நீர் ஊற்றினால் போதும். சட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கலாகாது. இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியுமாதலால், தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பீர்களாக.