குருதியும் பார்வையும்

நுழையும்முன்

உடல் உறுப்புகள் தனித்தனியே இயங்குவன அல்ல. குருதியில் தோன்றும் குறை கண்ணையும் தாக்குமா? இவ்வினாவை அறிவியல் எவ்வாறு அணுகுகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

குருதியின் குறை

நம் குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. நுரையீரலில் பெறும் ஆக்சிஜனை உடலெங்கும் கொண்டு சேர்க்க அவை துணைபுரிகின்றன. இரும்புச்சத்துக் குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும், இரத்தசோகை உண்டாகும். சோர்வும் மூச்சிரைப்பும் அதன் அறிகுறிகள். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது.

கண்ணின் நோய்

கண்ட காட்சியை மூளைக்குக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. அது பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நுண்ணிழைகளால் ஆனது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரிவர வெளியேறாவிடின் அழுத்தம் மிகும், நரம்பிழைகள் நலிவுறும். இதுவே கண்நீர் அழுத்த நோய். இதனைக் கிளாகோமா என்றும் வழங்குவர். பெரும்பாலும் வலியின்றி வளரும் இந்நோய், முதலில் பக்கப் பார்வையைக் குறைக்கும். இழந்த பார்வை மீளாது. எஞ்சிய பார்வையைச் சிகிச்சையால் காக்கலாம். அழுத்தம் இயல்பாக உள்ள சிலருக்கும் இந்நோய் வருவதுண்டு. எனவே, நரம்பிற்குச் செல்லும் குருதியோட்டத்தையும் மருத்துவர்கள் ஆராய்கின்றனர்.

தொடர்பு உண்டா?

விழித்திரையும் பார்வை நரம்பும் ஆக்சிஜனை மிகுதியாக நாடுபவை. இரத்தசோகையால் ஆக்சிஜன் வரத்துக் குறைந்தால், ஏற்கெனவே நலிந்த நரம்பு மேலும் நலியக்கூடும் என்பது ஒரு கருத்து. இரண்டிற்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும், தொடர்பு வேறு, காரணம் வேறு. முதுமை, பிற நோய்கள் ஆகியவை இரண்டையும் ஒருசேரக் கொண்டுவரலாம். எனவே, இரத்தசோகையே கிளாகோமாவை உண்டாக்குகிறது என உறுதியாகக் கூற இயலாது.

மிகை பற்றியும் கேள்வி உண்டு. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இரும்புச்சத்து மாத்திரைகளை மிகுதியாக உட்கொண்டோரிடம் கிளாகோமா கூடுதலாகக் காணப்பட்டதைச் சுட்டியது. அதுவும் தொடர்பே, காரணமன்று. பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் மாத்திரையைத் தவிர்க்க இஃது ஏதுவாகாது. தாமாகவே மாத்திரையின் அளவைக் கூட்டுவதே தவறு.

நாம் செய்ய வேண்டுவன

கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு வகைகள் ஆகியவற்றை உண்போம். அவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்துவதைத் தவிர்ப்போம். நாற்பது வயதைக் கடந்த பெற்றோரையும், குடும்பத்தில் எவருக்கேனும் கிளாகோமா இருப்பின் மற்றையோரையும் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம்.

சொற்பொருள்

நலிவு – தளர்ச்சி. ஏது – காரணம். மிகை – அளவுக்கு மேற்பட்டது. எஞ்சிய – மீதமுள்ள

வினாக்கள்

1. ஹீமோகுளோபினின் பணி யாது?
2. கிளாகோமாவைத் தொடக்கத்தில் உணர இயலாமைக்குக் காரணம் என்ன?
3. ‘தொடர்பு வேறு, காரணம் வேறு’ – பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
4. பிரித்தெழுதுக: நரம்பிழை, செந்நிறம்.