வால் குழைத்தல்

நாலடியாரில் 'நட்பாராய்தல்' அதிகாரத்தில் வரும் நாயை நம் பழைய மாணாக்கர் மறந்திரார். பழகிய பாகனையே யானை கொல்லும். நாயோ தலைவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் அவன்முன் வால் குழைத்து நிற்கும் என்பது அப்பாட்டின் கருத்து. வால் அசைந்தால் அன்பு என்றே நாமும் பல்லாண்டு பாடஞ் சொல்லி வந்தோம்.

மாத்தளைப் பகுதியில் ஒரு பாடசாலை முற்றம். ஆறாந் தரத்து மாணாக்கன் ஒருவன் மாமரத்தடியிற் படுத்திருந்த நாயின் தலையைத் தடவினான். நாய் வாலை அசைத்தது. நாமும் பார்த்து மகிழ்ந்து நின்றோம். அது முகத்தைத் திருப்பிற்று; எதிரே உணவில்லாதபோதும் நாவால் மூக்கை நக்கிற்று; வெண்விழி தெரியக் கடைக்கண்ணாற் பார்த்தது; பின்பு உடல் விறைத்து அசைவற்றது. அடுத்த கணம் கடித்தது. காரணமின்றிக் கடித்தது என்றனர் எல்லோரும். காரணத்தை அது நான்கு முறை கூறியிருந்தது. படிக்க அறியாதவர் நாமே.

தடுப்பூசிகளை முடித்துக்கொண்டு வகுப்புக்கு மீண்ட அம்மாணாக்கன், "பாட்டில் வரும் நாயின் உடம்பு எப்படி இருந்தது, ஐயா?" என வினவினான். விடை கூற இயலாது நூல்களைத் தேடினோம்.

சார்ள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் நாயின் இரு நிலைகளை எதிரெதிரே வைத்துக் காட்டுகிறார். பகை கொண்ட நாய் விறைத்து நடக்கும்; வால் நிமிர்ந்து நிற்கும்; மயிர் சிலிர்க்கும்; பார்வை ஊன்றி நிற்கும். அன்புற்ற நாய்க்கோ உடல் முழுதும் தாழ்ந்து நெளியும். தாழ்ந்த வால் இருபுறமும் ஆடும். நம் முன்னோர் 'குழைத்தல்' என்ற சொல்லின் அருமை அப்போதே விளங்கிற்று. குழைதல் நெகிழ்தலன்றோ? உடல் விறைத்திருக்க வால் மட்டும் அசைவது குழைதல் ஆகாது. அச்சமுற்ற நாயும் எதிர்நிற்பாரைத் தணிவிக்க வாலைத் தாழ்த்தி அசைப்பதுண்டு. வேலுண்ட நாயும் அவ்வாறே செய்தது போலும்; புலவர் பொறுத்தருள்க.

2007இல் இத்தாலிய ஆய்வாளர், நாய் தன் தலைவனைக் காணுங்கால் வால் வலப்புறம் மிகுதியாகவும், அறியாத வல்ல நாயைக் காணுங்கால் இடப்புறம் மிகுதியாகவும் அசைதலைக் கண்டனர். அது கருவிகொண்டு அளந்தது. நம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது.

தடவ விரும்புவோர் தலைக்குமேல் கையை நீட்டாது, நாய் தானே வந்து மோக்க விடுக. மார்பையோ கழுத்தின் பக்கத்தையோ சில நொடி தடவிக் கையை எடுத்துவிடுக. மீண்டும் வந்து சாய்ந்தால் அதற்கு விருப்பம்; விலகினாலோ வாளா இருந்தாலோ போதும் என்பது பொருள். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்றதையும், லயத்து வாசலிற் கட்டியிருப்பதையும் தொடாதிருக்க. உறுமும் நாயை அடிப்பாரும் உளர். உறுமலை மறந்த நாய் எச்சரியாமற் கடிக்கும்.

1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 350க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாய்களுக்கும் மக்களுக்கும் இட்ட தடுப்பூசிகளால் அத்தொகை பெரிதும் குறைந்தது. எனினும் நோய் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. கடியாயினும் சிறு கீறலாயினும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலை செல்க. மஞ்சளோ எண்ணெயோ பூசற்க. வீட்டார் ஏசுவர் என்று கடியை மறைக்கும் சிறுவரை நாம் அறிவோம். முதலில் ஏசாதிருத்தல் பெரியோர் கடன்.