கேட், டான்செட், சிமேட்: எந்தத் தேர்வுக்கு எந்த வேகம்?

சென்னையின் யானைக்கவுனி, சௌகார்பேட்டை, ராயபுரம் பகுதிகளிலிருந்து எம்.பி.ஏ. சேர நினைக்கும் பட்டதாரிக்கு மூன்று நுழைவுத் தேர்வுகள் பொருந்தும். ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட், திருச்சி ஐ.ஐ.எம்., சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கு வழி. அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும். தேசியத் தேர்வு முகமையின் சிமேட், நாடெங்கும் உள்ள பல மேலாண்மைக் கல்லூரிகளுக்கு.

நேரக் கணக்கு

2024 கேட் தேர்வில் 120 நிமிடங்களுக்கு 68 கேள்விகள். ஒன்றுக்குச் சுமார் 106 நொடி. சிமேட்டில் 180 நிமிடங்களுக்கு 100 கேள்விகள், 108 நொடி. டான்செட்டில் 120 நிமிடங்களுக்கு 100 கேள்விகள், 72 நொடிதான். விடைத்தாளில் வட்டம் நிரப்பப் பத்து நிமிடம் ஒதுக்கினால் 66 நொடியே மிஞ்சும்.

தவறுக்கான விலை

கேட்டில் சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 குறையும். டான்செட்டில் 1, மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டிலும் விகிதம் ஒன்றே: நான்கில் ஒன்று சரியானால் நட்டமில்லை. சிமேட்டில் 4, 1. ஐந்தில் ஒன்று போதும். நான்கு விடைகளில் ஒன்றைத் தவறென்று உறுதியாக விலக்க முடிந்தால், மீதியில் ஒன்றைக் குறிப்பது மூன்று தேர்வுகளிலும் லாபமே. கேட்டில் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மதிப்பெண் குறைப்பே இல்லை. அவற்றைக் காலியாக விடக்கூடாது.

எதற்கு எப்படி

கேட்டில் மூன்று பிரிவுகளுக்கும் தலா 40 நிமிடம்; ஒன்றில் மிச்சமாகும் நேரம் அடுத்ததற்குப் போகாது. அங்கே தேர்ந்தெடுப்பதே திறமை. தரவு, தர்க்கப் பிரிவில் முதல் சில நிமிடங்களில் எல்லாத் தொகுப்புகளையும் பார்த்து எளிதானவற்றில் இறங்க வேண்டும். டான்செட்டில் அப்படிப் பொறுமை காட்ட இடமில்லை. முதல் சுற்றில் தெரிந்தவை, அடுத்த சுற்றில் பாதி தெரிந்தவை; ஒரு நிமிடத்தில் வழி தெரியாத கணக்கை விட்டு நகர்வதே நல்லது. கேட் கணினித் திரையில் கால்குலேட்டர் உண்டு, டான்செட்டில் கிடையாது. ஆகவே வாய்ப்பாடும் சதவீதமும் மனக்கணக்காக வர வேண்டும்.

வரிசை

கேட் 2024 நவம்பரிலும் டான்செட் 2025 மார்ச்சிலும் நடந்தன. இந்த இடைவெளி இருந்தால் முதலில் கேட்டுக்குப் படித்து, பிறகு வேகத்தை மட்டும் கூட்டிக்கொள்வது எளிது. பகலில் வேலைக்குப் போகிறவர், தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க விரும்புகிறவர் டான்செட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் மாதிரித் தேர்வு முடிந்ததும் தவறுகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தெரியாதது, அவசரத்தில் தவறியது, நேரமின்றி விட்டது. முதலாவதற்குப் பாடப் படிப்பு, இரண்டாவதற்கு நிதானம், மூன்றாவதற்கு மட்டுமே வேகப் பயிற்சி.