வீட்டில் ஒட்சிசன்: லயமே சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்



முன்பெல்லாம் ஒட்சிசன் என்றால் ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய சிலிண்டர்தான் நம் நினைவுக்கு வரும். இப்போது அது லயத்துக்குள்ளும் வந்துவிட்டது. பல வருடம் விறகுப் புகையிலும் பீடி, சுருட்டுப் புகையிலும் நெஞ்சு கெட்டுப்போன பெரியவர்கள் சிலருக்கு, "வீட்டிலும் ஒட்சிசன் பிடிக்க வேண்டும்" என்று டொக்டர் எழுதிக் கொடுக்கிறார். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துக்கொள்ள மிஸ்மார் இருக்கிறார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? கொழுந்துக்குப் போய்வரும் மருமகளும், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையும்தான். அவர்களுக்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

ஒரு வீட்டில் நாங்கள் கண்டது

மேல் டிவிஷன் ஒன்றில் வீடு வீடாகப் போனபோது அப்படி ஒரு பெரியவரைப் பார்த்தோம். காம்பராவின் மூலையில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே சாமி படம், படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. பெரியவர் காலை ஒன்பது மணிக்கும் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் கண்ணைத் திறக்கிறார், பேச்சுக் குழறுகிறது, திரும்பவும் தூங்கிவிடுகிறார்.

மெசினைப் பார்த்தோம். டொக்டர் எழுதியது 2. முள் நின்றது 5இல்.

"ராத்திரி மூச்சு முட்டுதுன்னாரு மிஸ். பாவமா இருந்துச்சு. கொஞ்சம் கூட்டி வச்சா நல்லதுதானேன்னு ஏத்தி வுட்டேன்" என்றார் அவருடைய மனைவி.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க அம்மா. ஆனா இது காத்து இல்ல, மருந்து" என்று சொல்லி, அளவை டொக்டர் எழுதிய 2க்கே கொண்டுவந்து, உடனே 1990க்கு அழைத்தோம். நல்ல வேளையாக அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். அந்த அம்மாவின் பாசத்தில் குறை இல்லை. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

முதல் பாடம்: ஒட்சிசன் ஒரு மருந்து

நாம் சுவாசிக்கும் காற்றில் 21 வீதம் ஒட்சிசன் இருக்கிறது. நுரையீரல் பழுதானவருக்கு அது இரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை. அப்போது இருதயமும் மூளையும் வாடுகின்றன. அந்தக் குறையை நிரப்பத்தான் ஒட்சிசன் கொடுக்கிறார்கள். மூச்சு வாங்குகிற எல்லோருக்கும் அது தேவையில்லை. இரத்தத்தைச் சோதித்த பிறகுதான் டொக்டர் முடிவு செய்வார்.

நெடுநாள் நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன் கொடுத்தால், வெளியே போக வேண்டிய காபனீரொட்சைட்டு உடம்பிலேயே தங்கிவிடும். காலையில் தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பம், பிறகு மயக்கம் என்று அது படிப்படியாக இழுத்துக்கொண்டு போகும். இப்படிப்பட்டவர்களுக்கு விரலில் மாட்டும் கருவியில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் டொக்டர்மார் வழக்கமாகச் சொல்கிறார்கள். "நூறு வரவில்லையே" என்று பதறி முள்ளைத் திருப்பாதீர்கள். உங்கள் நோயாளிக்கு எத்தனை இருக்க வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு, கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி மெசினுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

நம் மலைநாட்டில் கை குளிர்ந்திருந்தால் அந்தக் கருவி பிழையாகக் காட்டும். நகப்பூச்சும் மருதாணியும் இருந்தாலும் அப்படித்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகத்தைத் துடைத்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

கூட்டுவதும் தவறு, நாமாகக் குறைப்பதும் தவறு. "பகலில் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று மெசினை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. 1980, 1981 ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க, பிரித்தானிய ஆய்வுகளின் பிறகு, நெடுநாள் ஒட்சிசன் தேவைப்படுகிறவர்கள் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் பிடிக்க வேண்டும் என்று வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டது. தூங்குகிற நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் டொக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அமுக்கம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கீழ்நாட்டு ஆஸ்பத்திரியில் அளவு எழுதும்போது, "நாங்க மேல் மலையில இருக்கிறோம் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இரண்டாம் பாடம்: பத்து அடிக் கயிறு

ஒட்சிசன் தானாக எரியாது. ஆனால் எரிகிறதை வெறி பிடித்ததுபோல எரிய வைக்கும். சாதாரணமாக ஒரு பொறி பட்டால் கம்பளி கருகும். ஒட்சிசன் ஊறிய கம்பளியோ குப்பென்று பற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் அது துணியிலும் முடியிலும் படுக்கையிலும் தங்கி நிற்கும்.

அதனால் எந்த நெருப்புக்கும் ஒட்சிசனுக்கும் இடையே குறைந்தது 3 மீற்றர், அதாவது 10 அடி இடைவெளி வேண்டும். நம் காம்பராவோ பத்துக்குப் பன்னிரண்டு அடி! அப்படியென்றால் என்ன அர்த்தம்? அந்த அறைக்குள் நெருப்பே கூடாது என்றுதான் அர்த்தம்.

பத்து அடி நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை நோயாளியின் தலையணையில் பிடித்துக்கொண்டு மறு முனையைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். பிறகு மெசினிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் அப்படியே பாருங்கள். அந்தச் சுற்றுக்குள் அடுப்பு, கேஸ் குக்கர், குப்பி லாம்பு, மெழுகுதிரி, நுளம்புச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் இருக்கக்கூடாது. நாங்கள் பார்த்த அந்த வீட்டில் கட்டிலையும் மெசினையும் இஸ்தோப்புப் பக்கம் மாற்றினோம். விளக்கை என்ன செய்வது? மருமகள்தான் வழி சொன்னார்: "மாமா, சாமி ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. வெளக்க அந்தப் பக்க வீட்டு அக்கா வீட்டில ஏத்திக்கிறேன்." படம் இருந்த இடத்தில் இருக்கிறது, விளக்கு மட்டும் அடுத்த வீட்டில் எரிகிறது. கார்த்திகைக்கும் தீபாவளிக்கும், நத்தார் மெழுகுதிரிக்கும் இப்படியே முன்கூட்டி யோசித்து வையுங்கள்.

பீடி, சிகரட், சுருட்டு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நோயாளியும் குடிக்கக்கூடாது, பார்க்க வருகிறவரும் குடிக்கக்கூடாது. மெசினை நிறுத்திவிட்டுக் குடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். துணியில் தங்கிய ஒட்சிசன் போக நேரம் எடுக்கும். குழாயைக் கழற்றியபின் குறைந்தது 30 நிமிடமாவது காற்றாட இருந்த பிறகே அடுப்புப் பக்கம் போக வேண்டும். மூக்கில் குழாயோடு சமைக்கவே கூடாது. கழற்றிய குழாயை, மெசின் ஓடும்போது கம்பளிக்குள்ளோ தலையணையிலோ போட்டு வைக்காதீர்கள். கழற்றினால் உடனே நிறுத்துங்கள்.

மூன்றாம் பாடம்: எண்ணெய் வேண்டாம்

மூக்குக் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் தடவுவதும், நெஞ்சு அடைத்தால் விக்ஸ், தைலம் பூசுவதும் நம் வழக்கம். ஒட்சிசன் பிடிக்கிறவருக்கு மூக்கு, முகம், நெஞ்சுப் பக்கம் இவை வேண்டாம். எண்ணெயும் வாசலினும் ஒட்சிசனோடு சேர்ந்தால் பற்றக்கூடும். தண்ணீரில் செய்த களிம்பை டிஸ்பென்சரியில் கேட்டு வாங்குங்கள்.

சிலிண்டரின் திருகு இறுகிப்போனால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோமே என்று நினைப்பதும் பெரும் ஆபத்து. எண்ணெய்க் கையோடு திருகைத் தொடவே வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கையால், மெதுவாகத் திறவுங்கள்.

நான்காம் பாடம்: மெசினும் கரண்டும்

மெசின் ஒட்சிசனைச் சேமித்து வைப்பதில்லை. அறையின் காற்றை இழுத்து, அதிலுள்ள நைதரசனைப் பிரித்துவிட்டு, ஒட்சிசனைத் தருகிறது. ஆகவே அதற்கு நல்ல காற்று வேண்டும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். துணி போட்டு மூடாதீர்கள். புகை வரும் இடத்தில் வைக்காதீர்கள். வெளிப்புற வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தண்ணீர்ப் போத்தல் இருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

சுவரில் உள்ள தனிப் பிளக்கில் மட்டுமே மெசினைப் பொருத்துங்கள். கேத்தல், டீவி, ஐயன் எல்லாம் மாட்டிய ஒரே வயரில் இதையும் மாட்டினால் வயர் சூடேறும். பழைய லயத்தில் வயர் எரிந்தால் ஒரு வீட்டோடு நிற்காது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் நாம்.

செலவையும் முன்கூட்டிக் கணக்குப் பாருங்கள். 350 வொட் மெசின் 15 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 5¼ யூனிட். மாதத்துக்கு 157 யூனிட் அளவில் வரும். பில்லுக்குப் பயந்து இரவில் மெசினை நிறுத்தும் வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அப்படிச் செய்யாமல், நலன்புரி உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் வெட்கப்படாமல் பேசுங்கள்.

ஐந்தாம் பாடம்: கரண்ட் போனால்

2022ஆம் ஆண்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டோம். மழைக்காலத்தில் மரம் விழுந்தாலும் இதே கதிதான். மெசின் உள்ள வீட்டில் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

சிலிண்டர் எத்தனை நேரத்துக்கு வரும்? கணக்குச் சுலபம். சிலிண்டரின் கொள்ளளவு 10 லீற்றர், மீற்றர் முள் 100 பார் என்றால், உள்ளே 10 × 100 = 1000 லீற்றர் ஒட்சிசன் இருக்கிறது. நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம். கடைசிவரை காத்திருக்காமல், கால் பங்கு இருக்கும்போதே மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இந்தக் கணக்கைப் போட்டு மட்டையில் எழுதித் தொங்கவிடச் சொல்லுங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தி வைத்தால் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். விழுந்து தலை உடைந்தால் அது வெடிகுண்டுபோலப் பாயும். அலுமாரிக்குள்ளும் பெட்சீட்டுக்குள்ளும் மறைத்து வைக்காதீர்கள். வெல்டிங் கடைச் சிலிண்டரை ஒருபோதும் வாங்காதீர்கள். இருட்டில் மெழுகுதிரி வேண்டாம், டோர்ச் லைட் வையுங்கள்.

ஆறாம் பாடம்: எப்போது அழைக்க வேண்டும்?

உதடு அல்லது நாக்கு நீலம் பூத்தால், ஒரு வசனம் பேசுவதற்குள் மூச்சு முட்டினால், வழக்கமில்லாத தூக்கமும் குழப்பமும் வந்தால், நெஞ்சு வலித்தால் உடனே 1990க்கு அழையுங்கள். 2016இல் தொடங்கிய இந்த இலவச அம்பியுலன்ஸ் சேவை 2019 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து நம்பர், வண்டி எதுவரை வரும் என்பதை முன்பே எழுதி வையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியைச் சாய்த்து உட்கார வையுங்கள். ஒட்சிசனைக் கழற்றாமல் எழுதிய அளவிலேயே விடுங்கள்.

தீப்பிடித்தால் முதலில் ஒட்சிசனை நிறுத்துங்கள். குழாயைக் கழற்றி ஆளை வெளியே கொண்டுவாருங்கள். சத்தம் போட்டு லயத்தையே எழுப்புங்கள். மெசினைக் காப்பாற்ற உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

முடிவாக

எங்கள் வீட்டில்தானே ஒட்சிசன் இருக்கிறது, மற்றவர்களுக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அடுப்பின் புகை உங்கள் நோயாளிக்கு வரும். உங்கள் வீட்டு நெருப்பு அவர்கள் கூரைக்குப் போகும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தாரைக் கூப்பிட்டு, மெசினைக் காட்டி, நிறுத்தும் சுவிச்சைக் காட்டி, இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவருக்கு அவர்கள்தான் துணை.

வாசித்த பின் வீட்டில் கேட்டுப் பாருங்கள்:

1. நம் நோயாளிக்கு டொக்டர் எழுதிய அளவு எத்தனை? மெசினில் இப்போது முள் எங்கே நிற்கிறது?
2. பத்து அடிக் கயிற்றுக்குள் என்னென்ன நெருப்பு இருக்கிறது?
3. இன்றிரவு கரண்ட் போனால் சிலிண்டர் எத்தனை மணி நேரத்துக்கு வரும்?
4. நாம் வேலைக்குப் போயிருக்கும்போது மெசினை நிறுத்தத் தெரிந்தவர் லயத்தில் யார்?

நான்கு கேள்விக்கும் விடை தெரிந்த வீடு பயமில்லாமல் தூங்கலாம். தெரியாவிட்டால் நாளைக்கே டிஸ்பென்சரிக்கு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.